நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய்: மக்கட் பிரிவுகளும் நோயின் போக்கும்

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் இன்று முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோயாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடைபெறும் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் நாட்டில் புதிதாகத் தோன்றிய புற்றுநோய்கள் ஏறத்தாழ 13.9 லட்சம், அவற்றுள் சுமார் 2 லட்சம் மார்பகப் புற்றுநோய். ஆண், பெண் இருபாலரிடமும் தோன்றும் எல்லாப் புற்றுநோய்களையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினாலும் ஏறக்குறைய ஏழில் ஒன்று இந்நோயே என்பது இதனால் விளங்கும்.

இந்த நிலைமை பழமையானதன்று. 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் பெண்களிடையே முதலிடம் வகித்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். அக்காலம் முதல் அந்நோய் படிப்படியாகக் குறைந்து வர, மார்பகப் புற்றுநோய் படிப்படியாக உயர்ந்து வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. எனினும் இம்மாறுதல் நாடெங்கும் ஒரே அளவில் நிகழவில்லை. நகரத்திற்கும் கிராமத்திற்கும், ஒரு மாநிலத்திற்கும் மற்றொரு மாநிலத்திற்கும், ஒரு சமூகத்திற்கும் மற்றொரு சமூகத்திற்கும் இடையே பெரும் வேறுபாடுகள் காணப்படுகின்றன. அவ்வேறுபாடுகளின் பொருள் யாது, அவற்றிலிருந்து எவ்வெவற்றை முடிவு செய்யலாம், எவ்வெவற்றை முடிவு செய்யலாகாது என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் எண்களைத் தவறாகப் படிப்பதால் ஓரிடத்தில் வீண் அச்சமும், மற்றோரிடத்தில் அதனினும் தீங்கான அலட்சியமும் விளைகின்றன.

கணக்கெடுப்பு நடைபெறும் முறை

புற்றுநோயாளர்களின் எண்ணிக்கையை ஒரு மருத்துவமனையின் ஏட்டிலிருந்து அறிந்துகொள்ள இயலாது. பெரிய மருத்துவமனைக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருவர். உள்ளூர் நோயாளிகள் சிலர் வேறிடங்களுக்குச் செல்வர். சிலர் எங்குமே செல்லாமல் வீட்டிலேயே இறப்பர். ஆகவே, எல்லை வகுக்கப்பட்ட ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கு நிலையாக வாழும் மக்களுள் ஓராண்டில் புதிதாக நோய் கண்டவர் அனைவரையும், அவர்கள் எங்கே சிகிச்சை பெற்றிருப்பினும், ஒருவரை இருமுறை எண்ணாமல் பதிவு செய்தல் வேண்டும். இவ்வாறு செய்யும் அமைப்பே மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவகம் எனப்படும்.

இந்தியாவில் இத்தகைய முதற்பதிவகம் 1963-இல் பம்பாயில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தால் நிறுவப்பட்டது. 1981-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு தேசியப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் பதிவகங்களோடு 1982 முதல் பணி நடைபெறலாயிற்று. 1987-இல் மகாராஷ்டிரத்தின் பார்ஷி வட்டாரத்தில், முழுவதும் கிராம மக்களுக்கென்றே முதற்பதிவகம் அமைந்தது. 2020-இல் வெளியான தேசிய அறிக்கையில் 28 மக்கள்தொகைசார் பதிவகங்களும் 58 மருத்துவமனைப் பதிவகங்களும் இடம்பெற்றன. பதிவகங்களின் பரப்பு இன்றும் நாட்டு மக்கள் அனைவரையும் தழுவியதன்று. குறிப்பாகக் கிராமப் பகுதிகளின் பங்கு குறைவு. நாடு முழுவதற்கும் கூறப்படும் எண்கள் மதிப்பீடுகளே என்பதை மறத்தல் ஆகாது.

வீதமும் வயதும்

இரண்டு ஊர்களின் நிலையை ஒப்பிட நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. பெரிய ஊரில் நோயாளிகள் மிகுதியாக இருத்தல் இயல்பு. ஆகையால் ஒரு லட்சம் பெண்களுக்கு ஓராண்டில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் காண்கிறது எனக் கணக்கிடுகின்றனர். இதுவே நிகழ்வு வீதம். ஆனால் இவ்வீதமும் தனித்து நின்று உண்மையை உணர்த்தாது. வயது ஏற ஏற மார்பகப் புற்றுநோயின் நிகழ்வு உயர்வதே அதற்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். இரண்டு நகரங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பெண்கள் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். இரு நகரங்களிலும் 50 வயதிற்குட்பட்ட பெண்களுள் லட்சத்திற்கு 10 பேருக்கும், 50 வயதைக் கடந்தவர்களுள் லட்சத்திற்கு 80 பேருக்கும் ஆண்டுதோறும் நோய் காண்கிறது என்றும் கொள்வோம். முதல் நகரத்தில் 80,000 பெண்கள் 50 வயதிற்குட்பட்டவர்கள். 20,000 பேர் அதைக் கடந்தவர்கள். இங்கு முதற்பிரிவில் 8 பேரும் இரண்டாம் பிரிவில் 16 பேருமாக 24 நோயாளிகள் காணப்படுவர். இரண்டாம் நகரத்திலோ இரு பிரிவிலும் 50,000 பேர் உள்ளனர். இங்கு முதற்பிரிவில் 5 பேரும் இரண்டாம் பிரிவில் 40 பேருமாக 45 நோயாளிகள் காணப்படுவர். எந்த வயதுடைய பெண்ணை எடுத்துக்கொண்டாலும் இரு நகரங்களிலும் அவளுக்குள்ள அபாயம் ஒன்றே. எனினும் மொத்த வீதம் ஒன்றில் 24, மற்றொன்றில் 45.

இக்குழப்பத்தை நீக்குவதற்காகவே, எல்லா மக்கட் பிரிவுகளும் ஒரே வகையான வயதமைப்பு உடையனவாக இருந்தால் வீதம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுகின்றனர். இது வயது சீரமைத்த வீதம் எனப்படும். ஜப்பானிய விஞ்ஞானி செகி 1960-இல் முன்மொழிந்து, பின்னர் டால் என்பவர் சிறிது திருத்தியமைத்த உலகப் பொது வயதமைப்பு இதற்கு அளவுகோலாகப் பயன்படுகிறது. இக்கட்டுரையில் இனிக் குறிப்பிடப்படும் வீதங்கள் யாவும் இவ்வாறு சீரமைக்கப்பட்டவையே.

வயதமைப்பை மறப்பதால் எழும் தவறு ஒன்று பரவலாகக் காணப்படுகிறது. இந்தியாவில் இந்நோயாளிகளின் சராசரி வயது மேலைநாட்டு நோயாளிகளின் வயதைவிட ஏறத்தாழப் பத்தாண்டு குறைவு என்பது உண்மை. இதைக் கேட்டோர், நம் நாட்டு இளம்பெண்களை இந்நோய் மேலைநாட்டினரைவிட மிகுதியாகத் தாக்குகிறது என்று எண்ணிவிடுகின்றனர். அது சரியன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கட் கணக்கின்படி நம் மக்களுள் 60 வயதை எட்டியவர்கள் 8.6 சதவீதமே. இளையோர் மிகுந்த நாட்டில் நோயாளிகளுள்ளும் இளையோர் பங்கு மிகுதியாகத் தோன்றுவது கணக்கின் விளைவு. தனியொரு பெண்ணைப் பொறுத்தவரை, 25 வயதில் உள்ள அபாயத்தைக் காட்டிலும் 55 வயதில் உள்ள அபாயமே பன்மடங்கு பெரிது.

நகரமும் கிராமமும்

2020-ஆம் ஆண்டின் அறிக்கை, 2012-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்குரிய விவரங்களைத் தருகிறது. அதன்படி மார்பகப் புற்றுநோயின் வீதம் மிகுந்த இடம் ஹைதராபாத் மாவட்டம். அங்கு லட்சம் பெண்களுக்கு 48.0. அடுத்துச் சென்னையில் 42.2, பெங்களூரில் 40.5, டெல்லியில் 38.6. இவையனைத்தும் பெருநகரங்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். பார்ஷி கிராமப் பகுதியின் வீதமோ பெருநகரங்களின் வீதத்தில் பாதிக்கும் குறைவாகவே இருந்து வந்துள்ளது.

வடகிழக்கு மாநிலங்களின் நிலை மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அறிக்கையில், எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆண்களிடையே மிசோரத்தின் அய்ஸ்வால் மாவட்டமும், பெண்களிடையே அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பரே மாவட்டமும் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தன. ஆயினும் மார்பகப் புற்றுநோயில் முதலிடம் தென்னாட்டுப் பெருநகரங்களுக்கே. புற்றுநோய் என்னும் பொதுப்பெயரால் அழைக்கப்படினும் ஒவ்வோர் உறுப்பின் நோய்க்கும் தனித்தனிக் காரணங்களும் தனித்தனிப் போக்கும் உண்டு என்பது இதனால் தெளிவாகும்.

மேலும் ஒன்று கருதத்தக்கது. கிராமங்களில் வீதம் குறைவாக இருப்பினும் அது நிலைத்து நிற்கவில்லை. நகரங்களில் முன்னரே நிகழ்ந்த ஏற்றம் கிராமங்களிலும் மெல்லத் தொடர்கிறது.

சமூகங்களுக்கிடையே வேறுபாடு

பம்பாய்ப் பதிவகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. ஒரே நகரத்தில் வாழும் பல சமூகத்தாருள் பார்சிப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயோ அவர்களிடையே குறைந்திருந்தது. பார்சி சமூகத்தில் முதியோர் மிகுதி. 2001-ஆம் ஆண்டின் மக்கட் கணக்கில் அவர்களுள் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 31 சதவீதம். ஆகவே சீரமைக்கப்படாத வீதத்தைக் கொண்டு எதையும் கூற இயலாது. ஆனால் வயது சீரமைத்துக் கணக்கிட்ட பின்னரும் வேறுபாடு நீங்கவில்லை.

இதன் காரணம் சமய வேறுபாடு என்று எண்ணுவது பொருந்தாது. அச்சமூகத்துப் பெண்கள் நெடுங்காலத்திற்கு முன்பே உயர்கல்வி பெறத் தொடங்கினர். காலந்தாழ்த்தி மணம் புரிந்தனர். மணம் புரியாது வாழ்ந்தோரும் பலர். பெற்ற குழந்தைகளும் சிலரே. 2001-இல் 69,601 ஆக இருந்த பார்சி மக்களின் தொகை 2011-இல் 57,264 ஆகக் குறைந்ததும் இப்போக்கையே காட்டுகிறது. பின்னர் இந்திய நகரங்களின் ஏனைய பெண்களிடையே பரவிய வாழ்க்கை மாறுதல் இங்கு முன்னதாகவே தோன்றியது எனலாம்.

காரணங்களைத் தேடிய வரலாறு

இத்தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ராமாஸினி, கன்னியர் மடங்களில் வாழும் துறவிப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் குறித்து வைத்தார். 1842-இல் ரிகோனி-ஸ்டெர்ன் என்பவர் வெரோனா நகரத்தின் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, துறவிப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதி என்றும், கருப்பைப் புற்றுநோய் குறைவு என்றும் நிறுவினார். எவரோ ஓர் எழுத்தர் நாள்தோறும் எழுதி வைத்த ஏடு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அறிவியலுக்குப் பயன்பட்டது. 1926-இல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேப்பன் என்னும் பெண் மருத்துவர், நோயுற்ற ஏறத்தாழ 500 பெண்களையும் நோயற்ற ஏறத்தாழ 500 பெண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, திருமண வயது, குழந்தைகளின் எண்ணிக்கை, தாய்ப்பாலூட்டல் ஆகியவற்றிற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்.

2002-இல் 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் விவரங்களை ஒன்று திரட்டி ஆராய்ந்தபோது இத்தொடர்பு அளவிடப்பட்டது. ஒவ்வொரு மகப்பேற்றுக்கும் அபாயம் 7.0 சதவீதமும், தாய்ப்பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் மேலும் 4.3 சதவீதமும் குறைவது தெரியவந்தது. முதல் மகப்பேறு இளவயதில் நிகழ்ந்தால் அபாயம் குறைவு. 30 வயதிற்குப் பின் நிகழ்ந்தால் மிகுதி. இளமையிலேயே பூப்பெய்துதல், மாதவிடாய் காலந்தாழ்த்தி நிற்றல், மாதவிடாய் நின்ற பின் உடற்பருமன் மிகுதல், மதுப்பழக்கம், உடலுழைப்புக் குறைவு ஆகியவையும் அபாயத்தை உயர்த்துகின்றன. மார்பகத்தின் செல்கள் ஈஸ்ட்ரோஜன் முதலிய ஹார்மோன்களின் தூண்டுதலுக்கு எவ்வளவு காலம் உட்படுகின்றன என்பதே இவற்றுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை. நூறு நோயாளிகளுள் 5 முதல் 10 பேருக்கு மட்டுமே பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக் குறை காரணமாக அமைகிறது. ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று.

இவற்றை நம் நாட்டு மாறுதல்களோடு பொருத்திப் பார்த்தால் நோயின் போக்கு விளங்கும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1992-93-இல் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 3.4, 2019-21-இல் அது 2.0. பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் பயில்கின்றனர், மணவயது உயர்ந்துள்ளது, மகப்பேற்றில் இறப்பது குறைந்துள்ளது, ஆயுள் நீண்டுள்ளது. இவையெல்லாம் நாடு விரும்பி முயன்று பெற்ற நன்மைகள். இளம்பிராயத் திருமணமும் மிகுதியான பேறுகளும் குறைந்ததோடு கருப்பைவாய்ப் புற்றுநோயும் குறைந்து வந்துள்ளது. அதே மாறுதலின் மறுபக்கமாக மார்பகப் புற்றுநோய் உயர்ந்தது.

ஆகையால் இந்நோயைத் தடுக்கும் பொருட்டுப் பெண்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று கூறுவது அறியாமை. பள்ளிகளிலும் கிராமக் கூட்டங்களிலும் இவ்வாறு பேசப்படுவதுண்டு. அதைப் பணியாளர் மறுத்துரைத்தல் வேண்டும். தாய்ப்பாலூட்டல், உடலுழைப்பு, அளவான உடல் எடை, மது விலக்கு ஆகியவற்றை வலியுறுத்துவது நன்று. ஆயினும் இவற்றைப் பின்பற்றிய பெண்ணுக்கும் நோய் வரக்கூடும். நோயுற்ற பெண்ணை அவளது வாழ்க்கை முறையைச் சுட்டிக் குறை கூறுவதற்கு இப்புள்ளிவிவரங்கள் எவ்வகையிலும் இடம் தருவதில்லை.

குறைந்த வீதம் தரும் ஏமாற்றம்

கிராமத்தில் வீதம் குறைவு என்று கேட்டவுடன், அங்கு இந்நோயைப் பற்றிக் கவலை வேண்டா என்று நினைப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. நோய் தோன்றும் வீதம் வேறு. நோய் கண்டவர் பிழைக்கும் வாய்ப்பு வேறு.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு இதை நன்கு விளக்கும். அவ்வாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 2.7 லட்சம், அந்நோயால் இறந்தவர்கள் சுமார் 43,000. இந்தியாவில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 1.92 லட்சம், இறந்தவர்கள் சுமார் 98,000. நோயாளிகள் அங்கு மிகுதி. இறப்போர் இங்கு மிகுதி.

இதன் காரணம் பெரும்பாலும் காலதாமதமே. மருத்துவமனைப் பதிவகங்களில் இடம்பெற்ற மார்பகப் புற்றுநோயாளருள் 57.0 சதவீதத்தினருக்கு நோய் கண்டறியப்பட்டபோதே, அது தோன்றிய இடத்தை விட்டு அருகிலுள்ள திசுக்களுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. 2012 முதல் 2015 வரை நோய் கண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்துப் பதினொரு பதிவகங்களின் வாயிலாக நடத்தப்பட்ட ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் மொத்தத்தில் 66.4 சதவீதம். ஆனால் நோய் மார்பகத்திலேயே அடங்கியிருந்தபோது கண்டறியப்பட்டவர்களுள் 81.0 சதவீதத்தினர் உயிரோடிருந்தனர். அருகில் பரவிய நிலையில் இருந்தவர்களுள் 65.5 சதவீதம், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் இருந்தவர்களுள் 18.3 சதவீதம் மட்டுமே. நோய் ஒன்றே, நாடும் ஒன்றே. வந்து சேர்ந்த நாள் மட்டுமே வேறு. ஊரிலுள்ள பெண் பிழைப்பதும் பிழையாததும் பெரிதும் இந்த இடைக்காலத்தைப் பொறுத்திருக்கிறது.

தாமதத்திற்கு நோயின் இயல்பும் ஒரு காரணமாகிறது. தொடக்க நிலையில் இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத கட்டியால் தீங்கில்லை என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கூச்சம், பணச்செலவு பற்றிய அச்சம், வீட்டுவேலையை விட்டுச் செல்ல இயலாமை, உடன் வருவார் இன்மை ஆகியவையும் சேர்ந்துகொள்ளப் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

இரண்டு அனுபவங்கள்

பார்ஷி வட்டாரத்தில் பதிவகம் அமைத்தபோது, மருத்துவமனை ஏடுகளை மட்டும் நம்பினால் கிராம நோயாளிகள் பலர் விடுபட்டுப் போவர் என்பதை அமைப்பாளர்கள் உணர்ந்தனர். ஆகவே பணியாளர்கள் கிராமந்தோறும் முறையாகச் சென்று, ஊர்ப் பெரியவர்களையும் பெண்களையும் கண்டு, புற்றுநோயின் அறிகுறிகளை எடுத்துரைத்து, ஐயத்திற்குரியவர்களை மருத்துவமனைக்கு வருமாறு தூண்டினர். கணக்கெடுப்பதே அவர்களது முதல் நோக்கம். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் எதிர்பாராத நன்மை ஒன்று காணப்பட்டது. அங்கு மிகுந்திருந்த கருப்பைவாய்ப் புற்றுநோயில், தொடக்க நிலையிலேயே மருத்துவமனைக்கு வந்தோரின் பங்கு உயர்ந்தது. 1995-இல் வெளியான ஆய்வுரை இதை எடுத்துக்காட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஊருக்குள் சென்று பேசிய மனிதர்களே போதுமானவர்களாக இருந்தனர்.

மார்பகப் புற்றுநோயைப் பற்றிய நேரடி ஆய்வு 1998-இல் மும்பையில் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 1.5 லட்சம் பெண்கள் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒரு முறையாக நான்கு சுற்றுகள் கையால் பரிசோதித்தனர். மற்றப் பிரிவினருக்கு நோயைப் பற்றிய அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. 2021-இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோர் குறைவு. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு 15 சதவீதம் குறைந்திருந்தது. ஆயினும் இது தற்செயலாக நேர்ந்ததன்று எனப் புள்ளியியல் முறையில் உறுதியாகக் கூற இயலவில்லை. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. மருத்துவர் அல்லாத பணியாளரின் பயின்ற கை உயிர்களைக் காக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

2016-இல் மத்திய அரசாங்கம் வகுத்த செயல்முறையின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை மார்பகக் கைப்பரிசோதனை நடத்தப்பெறுதல் வேண்டும். ஆனால் 2019-21-ஆம் ஆண்டுகளின் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் எப்போதேனும் இப்பரிசோதனைக்கு உட்பட்டதாகக் கூறியவர்கள் 0.9 சதவீதமே, நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. திட்டத்திற்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தொலைவை இவ்வெண் காட்டுகிறது.

களப் பணியாளர் கவனத்திற்கு

கிராம சுகாதாரச் செவிலியரின் ஏடுகளில் பெரும்பகுதி கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உரியது. மகப்பேற்றுக் காலம் முடிந்த பெண், ஏட்டிலிருந்தும் பணியாளரின் பார்வையிலிருந்தும் மெல்ல விலகிவிடுகிறாள். மார்பகப் புற்றுநோயின் அபாயம் ஏறத் தொடங்குவதோ சரியாக அந்தக் காலத்தில்தான். ஆகவே குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் வீட்டில், குழந்தையின் தாயை மட்டுமன்றிப் பாட்டியையும் விசாரித்தல் வேண்டும். 45 வயதைக் கடந்த பெண்கள், கைம்பெண்கள், தனித்து வாழ்வோர் ஆகியோரின் பெயர்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

கவனிக்கத்தக்க அறிகுறிகள் வருமாறு: மார்பகத்திலோ அக்குளிலோ வலியுள்ள அல்லது வலியற்ற கட்டி, மார்பகத்தின் அளவிலோ வடிவிலோ புதிதாகத் தோன்றும் மாறுதல், தோலில் குழி விழுதல், அல்லது தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல், முலைக்காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல், ஆறாத புண். இவற்றுள் எதைக் கண்டாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதை எடுத்துக் கூறி அச்சத்தைத் தணிக்கலாம். ஆனால் எக்கட்டி எத்தகையது என்பதைப் பரிசோதனையே முடிவு செய்யும். ஊசியால் திசு எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இந்நோய் தொற்றுவதுமில்லை.

அனுப்பியதோடு கடமை முடிந்துவிடாது. அனுப்பப்பட்ட பெண் உண்மையில் சென்றாளா, சோதனையின் முடிவு வந்ததா, சிகிச்சை தொடங்கியதா, இடையில் நின்றதா என்று வினவுதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய முயற்சியும் மூன்று குறிக்கோள்களையே வலியுறுத்துகிறது: நோயாளருள் 60 சதவீதத்திற்கு மேற்பட்டோர் முதலிரு நிலைகளில் கண்டறியப்படுதல், முதன்முதல் மருத்துவரை அணுகிய 60 நாட்களுக்குள் நோய் உறுதி செய்யப்படுதல், 80 சதவீதத்தினர் சிகிச்சையை முழுமையாகப் பெறுதல். வறிய குடும்பங்களுக்கு 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆண்டொன்றுக்குக் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்கு உதவி உண்டு என்பதையும் தெரிவித்தல் வேண்டும்.

இறப்புப் பதிவிலும் கவனம் தேவை. வீட்டில் நிகழும் இறப்பிற்குக் காரணம் வினவும்போது, ‘முதுமை’ என்றோ ‘காய்ச்சல்’ என்றோ எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு எழுதப்பட்ட பெண், நாட்டின் கணக்கில் நோயாளியாக இடம்பெறாமலே மறைந்துவிடுகிறாள். அவளைப் போன்றோர் மறைந்த ஊரில் வீதம் குறைவாகத் தோன்றும். வீதம் குறைந்த ஊருக்கு வசதிகளும் குறைவாகவே கிட்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

ஆசிரியரின் சொல்லுக்குக் கிராமத்தில் தனி மதிப்பு உண்டு. பெற்றோர் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் இந்நோயைக் கூச்சமின்றிப் பெயர் சொல்லிப் பேசினாலே பாதித் தடை நீங்கும். உயர் வகுப்பு மாணவருக்குக் கணிதப் பாடத்தில் மேலே கூறிய இரு நகரங்களின் கணக்கைக் கொடுக்கலாம். சராசரியும் சதவீதமும் வாழ்க்கையில் எவ்வாறு பயன்படுகின்றன, எவ்வாறு மயக்கவும் கூடும் என்பதை அவர்கள் அறிந்துகொள்வர். வீடு திரும்பிய மாணவி தன் தாயிடமும் பாட்டியிடமும் வலியில்லாத கட்டியைப் பற்றி ஒரு சொல் கூறினால், அப்பாடம் தன் பயனை அடைந்ததாகும்.

நகரத்துப் பெண்ணுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. கிராமத்துப் பெண்ணுக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் வந்தபின் காலந்தாழ்ந்து கண்டறியப்படும் அபாயம் மிகுதி. முதல் வேறுபாட்டிற்குக் காரணமான சமூக மாறுதல்களை எவரும் தடுக்க இயலாது, தடுக்க வேண்டியதுமில்லை. இரண்டாம் வேறுபாடோ, வீட்டு வாயிலில் நின்று வினவும் பணியாளராலும் வகுப்பறையில் பேசும் ஆசிரியராலும் குறைக்கக்கூடியது.